யாரையும் அண்டாமல்

வடக்கு மின்னசோட்டா, அமெரிக்கா,
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. தபால் பெட்டி இங்கிருந்து ஒன்பது மைல். பாதையில் பனி கெட்டிப்பட்டு நடக்கத் தோதாகட்டும் என்று பதிலைக் கிடப்பில் போட்டிருந்தேன். பென்சிலில் எழுதுகிறானே என்று கோபிக்காதே. ஜன்னலோரம் வைத்த பேனாவில் மை இறங்க மாட்டேன் என்கிறது.

முதலில் உன் சேதி. முதுகு ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. ஆனால் மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதை ஏதோ தோற்றுப்போனவன் மாதிரி எழுதியிருக்கிறாய். "உன்னை மாதிரி யாரையும் அண்டாமல் இருக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை" என்ற வரியை இரண்டு தரம் படித்தேன். இரண்டாம் தரம் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

நான் இங்கே வந்தபோது எனக்கும் அதே நினைப்புத்தான். கரண்ட் கம்பி கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, மாதாமாதம் பில் கிடையாது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் குடியேற வந்தவன் எப்படிக் கட்டினானோ அப்படியே, கோடாரியும் வாய்ச்சியும் வைத்துக்கொண்டு, தனியாளாக ஒரு மரவீடு. உள்ளளவு பதினாறுக்கு இருபதடி. ஒரே ஒரு விதி: மோட்டார் வைத்த கருவி எதையும் தொடக்கூடாது. (முதல் வருடம் பாதையை மறித்து விழுந்த இரண்டு மரங்களை அறுக்கச் சங்கிலி ரம்பம் இரவல் வாங்கினேன். அதைக் கணக்கில் சேர்க்காதே.)

மரத்தைக் குளிர்காலத்தில் வெட்ட வேண்டும். அப்போது சாறு ஓட்டம் இருக்காது, பூச்சியும் பூஞ்சணமும் அண்டாது, வெட்டிய மரத்தைப் பனிமேல் சறுக்கவிட்டு இழுத்து வந்துவிடலாம். ஆனால் குளிரில் வெட்டிய மரத்தின் பட்டை லேசில் கழன்று வராது. வசந்தத்தில் வெட்டினால் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வரும். பூஞ்சணமும் சீக்கிரம் வரும். நான் குளிரில் வெட்டினேன். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த இழுப்புக் கத்தி ஒன்று இருக்கிறது. மரத்தின்மேல் குதிரைச் சவாரி மாதிரி கால் போட்டு உட்கார்ந்து, கத்தியை வயிற்றை நோக்கி இழுக்க வேண்டும். முப்பத்தாறு மரம். ஏப்ரல் முழுக்க அதிலேயே போயிற்று. சட்டையெல்லாம் பைன் பிசின்.

அஸ்திவாரம் இங்கே தனிக் கதை. குளிர்காலத்தில் மண் உறைந்து உப்பும். வீட்டையே தூக்கிச் சாய்த்துவிடும். அதனால் இந்த வடபகுதியில் அஸ்திவாரம் 60 அங்குலம் கீழே போக வேண்டும் என்று கட்டட விதி இருக்கிறது. அந்தக் காலத்துக்காரன் நாலு மூலைக்கு நாலு தட்டைக் கல்லை வைத்து அதன்மேல் வீட்டை உட்காரவைத்தான். சில வருடத்தில் கதவு மூடாது. எனக்கு அதிர்ஷ்டம், மேட்டில் மூன்றடி தோண்டியதும் பாறை தட்டுப்பட்டது. பாறையிலிருந்தே கல் அடுக்கி எழுப்பினேன். அடிமரத்துக்கு மட்டும் வெள்ளை சீடர் என்ற மரத்தைப் போட்டேன். அது ஈரத்தில் சுலபமாக இற்றுப்போகாது. மற்றதெல்லாம் செம்பைன்.

இனி மூலை. இதைப்பற்றி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு மரத்தின்மேல் இன்னொன்று குறுக்கே உட்காரும் இடத்தில், வெட்டுவாயை மேல்மரத்தின் அடியில்தான் எடுக்க வேண்டும். கீழ்மரத்தின் முதுகில் பள்ளம் எடுத்தால் மழைநீர் அதில் தேங்கிப் பத்து வருடத்தில் மூலை சொத்தையாகிவிடும். காம்பஸ் மாதிரி இரண்டு முனை உள்ள கருவி ஒன்று. ஒரு முனை கீழ்மரத்தின் வளைவைத் தடவிக்கொண்டே போகும், மறுமுனை அதே வளைவை மேல்மரத்தில் கீறும். கீறிய கோட்டுக்குள் கோடாரியால் கொத்தி, உளியும் கொட்டாப்புளியும் வைத்துச் செதுக்கி, மரத்தைத் திருப்பிப் போட்டால் தொப்பி மாதிரி கச்சென்று உட்காரும். முதல் மூலைக்கு எனக்கு இரண்டு நாள் பிடித்தது. கடைசி மூலைக்கு ஒன்றரை மணி நேரம். அந்த 'கச்' சத்தத்துக்காகவே இன்னொரு வீடு கட்டலாம் மாப்ளே.

ஐந்தாவது வரிசையில்தான் என் வீறாப்பு உடைந்தது. இருபத்துநாலடி நீளம், ஓரடிக் குறுக்களவு, ஈரமரம். 350 கிலோவுக்குக் குறையாது. சுவரில் இரண்டு கம்பங்களைச் சாய்த்துவைத்து, கயிற்றின் ஒரு நுனியைச் சுவர் உச்சியில் கட்டி, மரத்துக்கு அடியில் கொடுத்துத் திரும்ப மேலே எடுத்து இழுத்தால் மரம் உருண்டு ஏறும். பாதிப் பலம் போதும். நாலு வரிசை அப்படித்தான் ஏற்றினேன். ஐந்தாவதில், மழை ஈரத்தில், ஒரு பக்கக் கயிறு நழுவியது. மரம் வந்த வழியே திரும்பி வந்தது. நான் பக்கவாட்டில் பாய்ந்ததால் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் நின்ற இடத்தில் இருந்த வாளி அப்பளமாகிவிட்டது. அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அந்த வாளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் முறிந்து கிடந்திருந்தால் கூப்பிட்ட குரலுக்கு யார் வந்திருப்பார்?

ஏரிக்கு அக்கரையில் ஃபின்லாந்து வம்சாவளிக் கிழவர் ஒருவர் இருக்கிறார். மரம் விழுந்த சத்தம் தண்ணீர்மேல் போய் அவருக்குக் கேட்டிருக்கிறது. மறுநாள் படகில் வந்தார். சுவரைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தனியாகக் கட்ட வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை நாலு பேரோடு வந்து நின்றார். மூலைக்கு ஒரு ஆள் உட்கார்ந்து வெட்டுவாய் எடுக்க, மற்றவர்கள் மரம் உருட்ட, நான் நாலு வரிசைக்கு எடுத்துக்கொண்ட ஆறு வாரத்துக்குப் பதிலாக மிச்சச் சுவர் இரண்டு வாரக்கடைசியில் முடிந்துவிட்டது.

குடியேறிகள் செய்ததும் இதுதான் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். மரத்தை வெட்டி உரித்துத் தயாராக வைப்பது குடும்பத்தின் வேலை. சுவர் எழுப்பும் நாளுக்கு அக்கம்பக்கமே கூடும். நாலு மூலைக்கும் கைதேர்ந்த கோடாரிக்காரர்கள். உனக்கு நான் வந்தேன், எனக்கு நீ வா. கூப்பிட்டு வராதவனுக்கு அடுத்த முறை யாரும் போக மாட்டார்கள். ஒற்றை மனிதன், ஒற்றைக் கோடாரி என்பதெல்லாம் பின்னால் படம் போட்டவர்கள் கட்டிய கதை. இந்த மரவீட்டு வித்தையையே 1638-இல் டெலவேர் ஆற்றங்கரைக்கு வந்த ஸ்வீடன், ஃபின்லாந்துக்காரர்கள்தான் கொண்டுவந்தார்கள். கிழவர் அதைச் சொல்லும்போது ஏதோ தன் கையாலேயே இறக்குமதி செய்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

காடு ஆளில்லாமல் காத்துக் கிடந்தது என்பதும் கதைதான். லிங்கன் 1862 மே 20-இல் கையெழுத்துப் போட்ட சட்டப்படி, 160 ஏக்கரை ஐந்து வருடம் உழுது குடியிருந்தால் நிலம் உனக்கு; கட்டணம் மொத்தம் 18 டாலர். அதே வருடம் டிசம்பர் 26-ஆம் தேதி, இதே மின்னசோட்டாவில், மான்கேட்டோ ஊரில் டகோட்டா பழங்குடி ஆட்கள் 38 பேரை ஒரே நேரத்தில் தூக்கில் போட்டார்கள். நிலத்துக்காக மூண்ட சண்டையின் முடிவு அது. நான் இருக்கும் இந்தப் பக்கம் ஓஜிப்வே பழங்குடி மக்களுடையது. 1854 ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசுக்குக் கைமாறியது. வேட்டைக்கும் மீனுக்கும் அவர்களுக்கு இன்றும் இங்கே உரிமை உண்டு. என் பத்திரத்தில் முதல் பெயர் என்னவோ அதற்குப் பிறகு வந்தவனுடையது. என் கூரைப் பலகைமேல் விரித்திருக்கும் பிர்ச் மரப்பட்டை, தண்ணீர் உள்ளே விடாது. அவர்கள் அதில் வீடும் படகும் செய்தவர்கள். மார்ச்சில் மேப்பிள் மரத்தில் துளைபோட்டுச் சாறு இறக்குவதும் அவர்கள் கற்றுக்கொடுத்ததே. நாற்பது குடம் காய்ச்சினால் ஒரு குடம் பாகு. விறகு எரிகிற கணக்கைப் பார்த்தால் வயிறும் சேர்ந்து எரியும்.

விறகு என்றதும் ஞாபகம் வருகிறது. நாலடி உயரம், நாலடி அகலம், எட்டடி நீளம் அடுக்கினால் இங்கே ஒரு 'கார்ட்' என்பார்கள். போன குளிருக்கு எனக்கு ஏழு கார்ட் போயிற்று. ஒரு வருடமாவது காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகு சூடும் தராது, புகைபோக்கி உள்ளே கீல் படிந்து என்றைக்காவது தீப்பிடிக்கும். பழைய ஆட்கள் குச்சியை அடுக்கிக் களிமண் பூசிப் புகைபோக்கி கட்டினார்கள். வெளிப்பக்கம் ஒரு முட்டுக்கம்பு. தீப்பிடித்தால் அந்தக் கம்பை எடுத்துவிட்டுப் புகைபோக்கியை வீட்டைவிட்டு அப்பால் தள்ளிவிடுவார்களாம். நான் அந்த வீரத்துக்குப் போகவில்லை. இரட்டைச் சுவர் எஃகுக் குழாய் வாங்கிப் பொருத்திவிட்டேன். அடுப்பு, கண்ணாடி, கைபம்பு, கோடாரித் தலை எல்லாம் கடையில் வாங்கியதுதான். அந்தக் காலத்திலும் இரும்பு யார் காட்டில் விளைந்தது? ஆணி அவ்வளவு அரிது. என் கதவில் இரும்பாணி கிடையாது. நன்றாக உலர்ந்த மர ஆணியை ஈரப்பலகையில் அடித்திருக்கிறேன். பலகை காயக்காய ஓட்டை சுருங்கி ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

அவர்கள் அந்த இரும்பை எப்படி வாங்கினார்கள் என்று கேள். சாம்பல் விற்று! நிலத்தைத் திருத்த மரத்தைக் குவித்து எரிப்பார்கள். சாம்பலில் தண்ணீர் வடித்து, வடித்ததைச் சுண்டக் காய்ச்சினால் பொட்டாஷ். சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டியது. விதைத்தது முளைக்கும் முன்னாலேயே காசு. 1790 ஜூலை 31-இல் அமெரிக்கா கொடுத்த முதல் காப்புரிமையே இந்தப் பொட்டாஷ் காய்ச்சும் முறைக்குத்தான், சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்கு. நானும் ஆசையாகச் சோப்புக் காய்ச்சினேன். பைன் சாம்பலில் காரமே இறங்கவில்லை. மேப்பிள், பிர்ச் மாதிரிக் கெட்டி மரச் சாம்பல்தான் வேண்டுமாம். இரண்டாம் முறை காரம் இறங்கியது, சோப்பு கட்டியாகவில்லை. உப்புப் போட்டால் இறுகும் என்று கிழவரின் மனைவி சொன்ன பிறகுதான் சோப்பு என்ற பேருக்கு ஒன்று கிடைத்தது. அதில் ஒரு கட்டி உனக்கு அனுப்பலாம் என்றிருந்தேன். முகத்துக்குப் போட்டுவிட்டு என்னைத் திட்டுவாய் என்று விட்டுவிட்டேன்.

நிலவறையில் ஒரு முட்டாள்தனம். மேட்டைக் குடைந்து கட்டியது, குளிர் முழுக்க நாலைந்து டிகிரியில் நிற்கிறது. உருளைக்கிழங்கும் ஆப்பிளும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். ஆப்பிள் விடும் வாயுவில் ஜனவரிக்குள் கிழங்கெல்லாம் முளைவிட்டுவிட்டது. பிப்ரவரியில் கிழவர் வீட்டுக் கிழங்குதான். பதிலுக்கு அவருக்கு இரண்டு கார்ட் விறகு பிளந்து கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இப்போது புரிகிறதா நான் ஏன் சிரித்தேன் என்று? நகரத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாது. கரண்ட் பில் கட்டினேன், யாரையும் அண்டாமல் இருந்தேன். இங்கே வந்த பிறகு, யாருக்கு என்ன பாக்கி என்று கதவுக்குப் பின்னால் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன். உன் மகள் கூப்பிடுகிறாள், போ. போய்ச் சும்மா உட்காராதே, அவ்வளவுதான். உனக்குக் கணக்கு வரும், தையல் மெஷின் ரிப்பேர் வரும், பேரனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க வரும். முதுகு மட்டும் ஜாக்கிரதை.

இங்கே வந்து பார்க்கவேண்டும் என்று எழுதியிருந்தாய். மே, ஜூனில் வராதே. கறுப்பு ஈ காதுக்குப் பின்னால் ரத்தம் வரக் கடிக்கும். செப்டம்பரில் வா, அப்போது எல்லாமே அழகாக இருக்கும். உண்மை தெரியவேண்டுமானால் பிப்ரவரி. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டவர் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1996 பிப்ரவரி 2-ஆம் தேதி மைனஸ் 51 டிகிரி செல்சியஸ் பதிவாகியிருக்கிறது. கிழவருக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அன்று வெளியே போனாரா என்று கேட்டேன். "கழிப்பறை வெளியேதானே இருக்கிறது" என்றார்.

ஈர மரத்தில் கட்டிய வீடு காயக்காயக் கீழே இறங்கும். எட்டடிச் சுவர் நாலிலிருந்து ஆறு அங்குலம்வரை இறங்கலாம். அதனால் கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே இடைவெளி விட்டு, அதில் பாசியைத் திணித்து வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அளந்து சட்டத்தில் கோடு போடுகிறேன். இதுவரை மூன்றேகால் அங்குலம் இறங்கியிருக்கிறது. நேற்றிலிருந்து கதவின் மேல்மூலை உரசுகிறது. கிழவரிடம் நல்ல இழைப்புளி ஒன்று இருக்கிறது. ஏரி இன்னும் நடந்து கடக்கும் அளவுக்கு உறையவில்லை, படகையும் கரையேற்றிவிட்டேன். சுற்றுப்பாதையில் போய் அதை வாங்கிக்கொண்டு, அப்படியே இந்தக் கடிதத்தையும் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.

மகளுக்கு என் அன்பைச் சொல்.

உன்,
நெட்டை