முழு மயக்கம் வேண்டாம் என்றது நான்தான்

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கால் ஆபரேஷன் முடிந்து அப்பா தேறிவிட்டார். நேற்று சாயங்காலம் கட்டிலை விட்டு இறங்கி ஜன்னல் வரைக்கும் நடந்தார். வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "டீக்கடை எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மற்றதை நீயே தெரிந்துகொள்.

அன்றைக்கு நீ கோபமாகத்தான் போனை வைத்தாய். "முதுகுல ஊசி போட்டுட்டு நாலு மணி நேரம் காலைக் கீறித் தைக்கிறாங்க, மனுஷன் முழிச்சுக்கிட்டே கிடக்கணுமா? முழு மயக்கம் கொடுத்தா என்ன?" என்றாய். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அப்போது பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

நாற்பது வருஷ சிகரெட் அவர் கால் ரத்தக்குழாயை மட்டும் அடைக்கவில்லை. காலையில் பல் துலக்கும்போது அவர் இருமுகிற இருமல் உனக்கு மறந்திருக்காது. கால் அடைப்புக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் கெட்ட நுரையீரலையும் கூடவே கொண்டுவருவார்கள். ஆபரேஷன் காலில்தான் நடக்கும், ஆனால் மூன்றாம் நாள் காய்ச்சலும் மூச்சிரைப்புமாகப் படுக்க வைப்பது நெஞ்சாக இருக்கும். முப்பத்தோரு வருஷம் தியேட்டரில் நின்றவள், எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

முழு மயக்கத்தில் தசையெல்லாம் தளர்ந்துவிடும். மூச்சுக்கு ஆதாரமான உதரவிதானம் மேலே ஏறி, நுரையீரலின் கீழ்ப்பகுதி காற்றில்லாத பலூன் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பத்தில் ஒன்பது பேருக்கு இது கொஞ்சமாவது நடக்கும். நல்ல நுரையீரல் என்றால் தானாக விரிந்துவிடும். அப்பாவுடையதில் சளி அங்கேயே தேங்கும். தொண்டையில் குழாய் இறங்கினாலே மூச்சு இழுப்பு வரலாம். தசை தளர்த்தும் மருந்து கொஞ்சம் மிச்சம் நின்றாலும் இருமிச் சளியைத் துப்பத் தெம்பிருக்காது. முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழேதான் மரத்துப்போகும், மூச்சை அவரே விடுவார்.

மயக்க டாக்டர் கெட்டிக்காரப் பெண். வந்ததும் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை, "ஐயா, தலகாணி இல்லாம மல்லாந்து படுப்பீங்களா?" என்றுதான் கேட்டார். அரை மணி நேரம் படுக்கவைத்தும் பார்த்தார். அப்படிப் படுக்க முடியாதவருக்கு முதுகு ஊசி போட்டுப் பிரயோஜனமில்லை. தூக்க மருந்தை அள்ளிக் கொடுத்து அமுக்கினால் மூச்சும் அமுங்கிவிடும்.

ஆபரேஷனை ஒரு வாரம் தள்ளிப்போட்டதற்கும் திட்டினாயே, அதுவும் இதற்காகத்தான். ரத்தம் கட்டாமலிருக்க அவர் சாப்பிடும் குளோபிடோக்ரெல் மாத்திரையை நிறுத்தி ஐந்து முதல் ஏழு நாளாவது ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டித் தண்டுவடத்தை அழுத்தினால் இரண்டு காலும் போய்விடும். இருதய டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்தினோம், ஆஸ்பிரின் மட்டும் ஓடியது.

முழு மயக்கமும் மரக்கவைப்பதும் ஒன்றுதான் என்று எங்கேயோ படித்ததாகச் சொன்னாய். 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த காலா (GALA) ஆய்வாக இருக்கும். 3,526 பேரை வைத்துப் பார்த்தது. பக்கவாதம், மாரடைப்பு, மரணம் மூன்றிலும் பெரிய வித்தியாசமில்லை என்பது உண்மை. ஆனால் அது கழுத்து ரத்தக்குழாய் ஆபரேஷன், கேட்ட கேள்வியும் நுரையீரலைப் பற்றியதல்ல. 2000-இல் பலவகை ஆபரேஷன்களில் நடந்த 141 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மொத்தம் 9,559 பேர். முதுகு வழியாக மரக்கவைத்தவர்களுக்கு நிமோனியா 39 சதவீதம் குறைவு. பழைய ஆய்வுகள், பல சின்னவை, அதனால் அப்படியே நம்பிவிட மாட்டேன். அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுவழி போடும் கால் பைபாஸை மட்டும் தனியாகப் பார்த்தபோதும் நிமோனியா குறைந்தது, சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அது போதும். முழு மயக்கம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வயிற்றைத் திறந்து பெரிய தமனியைச் சரிசெய்வதென்றால் அதுதான் வழி.

உள்ளே அவர் ஒன்றும் கஷ்டப்படவில்லை. "ரேடியோ மாதிரி பேசிக்கிட்டே இருந்தாங்க, முதுகுதான் வலிச்சுது" என்றார். நடுவில் ஒருமுறை இருமியிருக்கிறார். "ஐயா, தையல் போடுறேன், கொஞ்சம் பொறுங்க" என்றாராம் சர்ஜன். இருமினார் என்று கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

ஊசியோடு வேலை முடியவில்லை. நுரையீரல் விரிய, மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவி கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் முழுக்க அதை ஊதிக்கொண்டிருந்தார், பந்து அசையவே இல்லை. ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும் என்று பக்கத்துக் கட்டில்காரர்தான் சொல்லிக் கொடுத்தார். நான் சொன்னால் கேட்பாரா? இன்று காலை இரண்டு பந்து மேலே போனது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா. பந்தைப் பற்றிக் கேள். சிகரெட்டைப் பற்றி இப்போதைக்கு வாயைத் திறக்காதே, சட்டைப்பையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா