நீலகிரியிலிருந்து இணைய ஏலம் போடுவோருக்கு: ஈரத்தை முதலில் எழுதுங்கள்

நீலகிரியில் பழைய சாமான்களை இணைய ஏலத்தில் விற்கும் கடைக்காரர்களுக்கும், பங்களா காலி செய்யும் வீட்டாருக்கும்,

அன்புடையீர், வணக்கம்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளிலிருந்து கடிகாரம், கேமரா, பித்தளை, புத்தகம், மரச்சாமான் என்று எத்தனையோ இணைய ஏலத்துக்கு வருகின்றன. பெரும்பாலும் பொருளில் குறையில்லை. கூடவே எழுதும் விவரம்தான் அதன் விலையைக் கெடுக்கிறது. "அரிய பழம்பொருள், சூப்பர் கண்டிஷன், விட்டால் கிடைக்காது" என்பதில் ஏலம் கேட்பவருக்கு உதவும் சொல் ஒன்றுகூட இல்லை. அவர் மதுரையிலோ புனேயிலோ இருக்கிறார். பொருளைத் தூக்கிப் பார்க்கவோ, தட்டிப் பார்க்கவோ, முகர்ந்து பார்க்கவோ அவரால் முடியாது. அவருக்குப் பதிலாக அதையெல்லாம் நீங்கள் செய்து, கண்டதை அப்படியே எழுத வேண்டும்.

மலையிலிருந்து வரும் பொருள் என்றதும் அவர் மனதில் எழும் முதல் கேள்வி ஈரம்தான். ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிச் சரிவில் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது. இது அவருக்கும் தெரியும். நீங்கள் பேசாமல் இருந்தால் அவர் மோசமானதை நினைத்துக்கொண்டு பாதி விலைக்குக் கேட்பார், இல்லையென்றால் கேட்காமலே போய்விடுவார். அதனால் ஈரம் செய்த சேதத்தை முதல் மூன்று வரிக்குள் எழுதுங்கள். சேதம் இல்லையா, எப்படிச் சோதித்தீர்கள் என்பதையும் சேர்த்து "இல்லை" என்று எழுதுங்கள். வெறும் "நன்றாக இருக்கிறது" போதாது.

கேமரா லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் பளபளப்பதைப் படமெடுத்துப் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். ஷட்டரைத் திறந்து நிறுத்தும் 'பி' வசதி இருந்தால், பின்மூடியைக் கழற்றி, லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச்சைச் சற்றுச் சாய்த்து அடித்துப் பாருங்கள். தனித்தனிப் புள்ளியாகத் தெரிந்தால் தூசு. அதனால் பெரிய பாதிப்பில்லை. பால் படிந்ததுபோல் தெரிந்தால் மங்கல். வேர் கிளைத்ததுபோல், சிலந்தி இழைபோல் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. மூன்றும் வேறு வேறு. மூன்றையும் "லேசான அழுக்கு" என்ற சொல்லுக்குள் அடைக்காதீர்கள். "முன் கண்ணாடியின் உட்பக்க ஓரத்தில் 3 மி.மீ. அளவில் பூஞ்சை, நடுப்பகுதி தெளிவு" என்று எழுதினால், சரிசெய்யத் தெரிந்தவர் துணிந்து கேட்பார். பூஞ்சை, கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்திருக்கக்கூடும். ஆகவே "துடைத்தால் போய்விடும்" என்று உறுதி சொல்லக் கூடாது. நீங்களே துடைக்கவும் வேண்டாம்.

ஊட்டி இந்து நகர் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் செய்த பழைய ஃபிலிம் சுருளும் போட்டோத் தாளும் இன்னும் சில வீடுகளில் அகப்படுகின்றன. அட்டையில் அச்சான காலாவதி மாதம், ஆண்டு, வேகம் (ஒளியை உணரும் திறனைக் காட்டும் எண்), அளவு, ஒட்டு பிரிந்திருக்கிறதா, இத்தனை நாள் எங்கே கிடந்தது, இவ்வளவும் எழுதுங்கள். உள்ளே இருப்பதைக் காட்டுகிறேன் என்று தாள் பொட்டலத்தின் கறுப்பு உறையைத் திறந்தால் வெளிச்சம் பட்டு அந்தக் கணமே எல்லாம் பாழ். "பிரிக்கவில்லை, சோதிக்கவில்லை" என்பதே இங்கே நேர்மையான விவரம்.

புத்தகத்தில் பழுப்புப் புள்ளி, தண்ணீர்க் கறை, இராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை, இவை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்று சொல்லுங்கள். படத்தாள்களை எண்ணிப் பார்த்துக் குறியுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் விலை சரியும். அது பொருள் போய்ச் சேர்ந்தபின் தெரியவந்தால் பணத்தைத் திருப்பித் தர நேரும். முகர்ந்து பார்த்துப் பூசண வாடை இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். எந்தப் படத்திலும் தெரியாத குறை அது.

மரச்சாமானில் உளுத்த துளை இருப்பது பெரிய விஷயமில்லை. பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் விட்டுவையுங்கள். புதிதாக மாவு உதிர்ந்தால் உயிருள்ள பூச்சி. அதை மருந்தடித்துச் சரிசெய்யாமல் பட்டியலில் போடாதீர்கள். மரப்பூச்சி வேலை செய்யும் காலத்திலும் சில நாள் மாவு தள்ளாமல் இருக்கும் என்பதால், உதிராவிட்டாலும் "7 நாள் பார்த்தோம், மாவு இல்லை" என்று மட்டும் எழுதுங்கள். "பூச்சியே இல்லை" என்று எழுதாதீர்கள். ஈட்டி மரமா, தேக்கா என்று நிச்சயமில்லையென்றால் "கருமரம்" என்று போட்டு, மெருகு படாத அடிப்பகுதியைப் படமெடுத்துக் காட்டுங்கள்.

பித்தளை விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு, விற்பதற்கு முன் புளி போட்டுத் தேய்ப்பது. சேகரிப்பவருக்கு வேண்டியது அந்தப் பழைய நிறம்தான். தேய்த்தபின் அது திரும்பாது. இன்னொரு தவறு, பாத்திரத்தில் வெட்டிய பெயரைக் குறையாக நினைத்து மறைப்பது. சீர் கொடுத்த தேதியும் ஊரும் சேர்த்துப் புள்ளி எழுத்தில் வெட்டியிருந்தால், அந்தப் பாத்திரத்தின் வயதுக்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. ஒரு செம்புக்கு இப்படி எழுதலாம்:

"பித்தளைச் செம்பு. உயரம் 14.5 செ.மீ., வாய் விட்டம் 9 செ.மீ., எடை 640 கிராம். காந்தம் ஒட்டவில்லை. கழுத்தில் ஒரு ஒடுக்கு, சுண்டுவிரல் நுனி அளவு (படம் 4). அடியில் பழைய ஒட்டு (படம் 5). ஓர் இரவு தண்ணீர் நிரப்பி வைத்தோம், கசியவில்லை. தோளில் இரண்டு எழுத்து வெட்டு (படம் 6). தேய்க்கவில்லை. வயது தெரியாது."

"வயது தெரியாது" என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம். அதை எழுதுகிறவர் மற்றதைச் சரியாகத்தான் எழுதியிருப்பார் என்ற நம்பிக்கை வரும்.

படத்தில் அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம் வைக்கும் வழக்கத்தை விடுங்கள். 1992 வகை நாணயம் 25 மி.மீ., 2011 வகை ஏறத்தாழ 22 மி.மீ. பார்ப்பவர் எதை நினைப்பார்? ஸ்கேல் வையுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், மூட்டம் போட்ட காலையில் ஜன்னலோரம் விழும் வெளிச்சமே பித்தளைக்கும் மரத்துக்கும் ஏற்றது.

தலைப்பில் பொருளின் பெயர், செய்த நிறுவனம், மாதிரி, அளவு இருந்தால் போதும். "அரிய", "அழகிய" என்று யாரும் தேடுவதில்லை. ஈபேயில் தலைப்புக்கு 80 குறிகள்தான் இடம். தமிழில் எழுதினால் இடம் வேகமாகத் தீரும்: "பித்தளைச் செம்பு" நம் கண்ணுக்கு 8 எழுத்து; கணினி கொம்பையும் புள்ளியையும் தனியாக எண்ணி, இடைவெளியோடு 16 ஆக்கிவிடும். தமிழ் தெரியாதவர் தேடும் ஆங்கிலப் பெயருக்கும் அதற்குள் இடம் விடுங்கள்.

இனி வருவது சட்டம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள், தொல்பொருள் ஆகியவை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே விலை ஏறட்டும் என்று "150 வருடப் பழமை" என்று சும்மா போடுவது நீங்களே உங்களுக்கு வைக்கும் கண்ணி. பங்களாச் சுவரில் தொங்கும் கடமான் கொம்பு, சிறுத்தைத் தோல், தந்தப் பிடி போட்ட கத்தி எதையும் பட்டியலில் போடவே கூடாது. அதே 1972இல் வந்த வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. தாத்தா காலத்தது என்பது பதிலாகாது. பழைய பியானோவின் வெள்ளைக் கட்டைகளையும் பாருங்கள். மேல் தகட்டில் மெல்லிய ரேகை ஓடி, முன்பகுதியும் பின்பகுதியும் சேரும் இடத்தில் இணைப்புக் கோடு தெரிந்தால் தந்தமாக இருக்கலாம். 1991 திருத்தத்துக்குப் பின் இறக்குமதித் தந்தத்துக்கும் விலக்கில்லை.

தோடர் பூவேலை என்று எழுதுவதிலும் கவனம் வேண்டும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. இழைகளை எண்ணி எண்ணிச் செய்வது. சிவப்பும் கறுப்பும் இருக்கிறது என்பதற்காக எந்திரத் தையலையும் அச்சுத் துணியையும் அந்தப் பெயரில் விற்பது, மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளில் உட்கார்ந்து கண்வலிக்கத் தைக்கும் பெண்களின் கூலியில் கைவைப்பது. துணியின் இருபுறத்தையும் நெருக்கத்தில் படமெடுத்துப் போடுங்கள்.

கூரியர் செலவையும் விவரத்திலேயே சொல்லிவிடுங்கள். பல கூரியர்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுத்து எடை போடுகிறார்கள். 40, 30, 30 செ.மீ. பெட்டிக்குள் 2 கிலோ பொருள் இருந்தாலும் கட்டணம் 7.2 கிலோவுக்கு. பெண்டுலக் கடிகாரமானால் பெண்டுலத்தைக் கழற்றித் தனியே சுற்றி அனுப்புவதாக எழுதுங்கள். தொங்கவிட்டபடி அனுப்பினால் கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி ஆடி, அதைத் தாங்கும் மெல்லிய தகடு ஒடிந்துவிடும்.

மூட்டம் சூழ்ந்த நாளில் பொருளைப் பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே அகப்பட்ட ஈரக்காற்று வழியெல்லாம் கூடவே போய், "பூஞ்சை இல்லை" என்று நீங்கள் எழுதியதைப் பொய்யாக்கிவிடும். வெயில் வந்த பகலில், முதலில் காகிதத்தில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுக் கட்டுங்கள்.

அன்புடன்,
ஏலப் பொருட்களுக்கு விவரம் எழுதுவோர் சிலர்,
குன்னூர்