பிரஷர் மாத்திரையும் தவளையின் காலும்

அன்பு நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. பிரஷர் கூடியிருக்கிறது, அம்லோடிபின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்ததும் மனசு கனத்துப் போனது. அதற்குக் கீழே நீ கேட்டிருந்த கேள்வியைப் படித்த பிறகுதான் தெம்பு வந்தது. “இந்த மாத்திரை கால்சியம் போகும் வழியை அடைக்கிறது என்கிறார்கள். தசை சுருங்கக் கால்சியம் வேண்டும் என்றுதானே படித்தோம்? அப்படியானால் என் கைகால் ஏன் துவண்டு போகவில்லை?” இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நீ கேள்வியை விடவில்லை!

எனக்கும் இப்போது தசையைப் பற்றித்தான் நாள் முழுக்க யோசனை. ஆறு வாரம் கழித்து என் இடது காலின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. ஆனால் தொடையைப் பார்த்ததும் பதறிப்போனேன். நாடா வைத்து அளந்தால் வலது தொடையைவிட மூன்று சென்டிமீட்டர் குறைவு. முழங்காலை நீட்டப் பார்க்கிறேன். தொடை நடுங்குகிறதே தவிர நீள மாட்டேன் என்கிறது. அதே ஆறு வாரம் இரைப்பையும் குடலும் ரத்தக் குழாய்களும் ஒரு நாள்கூடச் சும்மா இருக்கவில்லை. அவற்றின் சுவரிலும் இருப்பது தசைதான். இந்த இரண்டு தசைகளும் கால்சியத்தை எங்கிருந்து எடுக்கின்றன என்பதில்தான் உன் கேள்விக்கான விடை இருக்கிறது.

நம் லேப் ஞாபகம் இருக்கிறதா? தவளையின் கெண்டைக்கால் தசையை நரம்போடு சேர்த்துப் பிரித்தெடுத்து மாட்டியிருப்போம். நீ மின்சாரம் பாய்ச்சும் சாவியைத் தட்டுவாய். புகை படிய வைத்த உருளைத் தாளில் ஊசி ஒரு வெள்ளை மேட்டை வரையும். தசை காய்ந்துவிடாமல் ரிங்கர் கரைசல் என்ற உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவது என் வேலை. அந்தச் சொட்டுக்குள் உன் விடையின் பாதி இருந்தது அன்றைக்கு நமக்குத் தெரியாது.

முதலில் கைகாலை அசைக்கும் எலும்புத் தசை. மைக்ராஸ்கோப்பில் அதன் குறுக்கு வரிகளைப் பார்த்து நீ “புடவைக் கரை மாதிரி” என்றாய். ஒவ்வொரு தசைநாரும் ஒரே செல். தலைமுடி அளவு தடிமன். நீளமோ சென்டிமீட்டர் கணக்கில் போகும். கருவளர் காலத்தில் பல செல்கள் இணைந்து உருவானதால் ஒரு நாருக்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் இருக்கும். நாருக்குள்ளே ஒரு மைக்ரோமீட்டர் தடிமனில் நுண்ணிழைகள் கட்டுக் கட்டாக ஓடுகின்றன. அந்த நுண்ணிழையைத் துண்டு துண்டாகப் பிரித்தால் சார்கோமியர். ஓய்வில் ஒன்றின் நீளம் சுமார் 2.2 மைக்ரோமீட்டர். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் நாலாயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கும். அத்தனையும் ஒழுங்காக அடுக்கியிருப்பதால்தான் நமக்கு வரி தெரிகிறது.

சார்கோமியரின் நடுவில் மையோசின் என்ற புரதத்தால் ஆன தடித்த இழை. இரண்டு முனைகளிலிருந்தும் ஆக்டின் என்ற புரதத்தால் ஆன மெல்லிய இழைகள் அதற்கிடையே நீண்டிருக்கும். தசை சுருங்கும்போது இந்த இழைகளில் எதுவும் குட்டையாவதில்லை. ஒன்றன் மேல் ஒன்று நழுவுகிறது. 1954-இல் ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் இதைச் சொன்னார்கள்: ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கியும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபக்கம். இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு எதுவும் கிடையாது. நாம் பரீட்சைக்குப் போனபோது அண்ணன் தம்பி என்று நீ அடித்துச் சொன்னாய். அதை இப்போதாவது திருத்திக்கொள்.

நழுவ வைப்பது மையோசினின் தலைகள். ஒரு தடித்த இழையில் ஏறக்குறைய 300 மையோசின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலை. தலை ஆக்டினைப் பிடிக்கும், ஐந்து முதல் பத்து நானோமீட்டர் வரை இழுக்கும், விடும், மறுபடி முன்னே போய்ப் பிடிக்கும். கிணற்றுக் கயிற்றைக் கை மாற்றி இழுப்பது போலத்தான். பிடித்த பிடியை விடுவதற்குத்தான் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. (ATP) மூலக்கூறு வேண்டும் என்பதை மறந்துவிடாதே. உயிர் போன பிறகு ஏ.டி.பி. தீர்ந்துவிடுகிறது, தலைகள் பிடித்தபடியே நின்றுவிடுகின்றன. சில மணி நேரத்தில் உடல் விறைப்பது அதனால்தான்.

ஓய்வில் தலைகள் ஏன் பிடிப்பதில்லை? ஆக்டின் மேல் பிடிக்க வேண்டிய இடங்களை ட்ரோபோமையோசின் என்ற நூல் மறைத்துக் கிடக்கிறது. கால்சியம் வந்து, அதோடு சேர்ந்திருக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டினால் அந்த நூல் விலகும். ட்ரோபோனினை 1960-களில் கண்டுபிடித்துச் சொன்னவர் ஜப்பானின் செட்சுரோ எபாஷி. தசைக்குக் கால்சியம்தான் சாவி என்பதை அவர் பேசத் தொடங்கியபோது பலர் நம்பவில்லை. அவருடைய பொறுமையை நினைத்தாலே எனக்கு மரியாதை வருகிறது.

இனிதான் உன் கேள்வி. எலும்புத் தசை அந்தக் கால்சியத்தை வெளியிலிருந்து வாங்குவதில்லை. நாருக்குள்ளேயே நுண்ணிழைகளைச் சுற்றி வலை மாதிரி ஒரு சேமிப்புப் பை இருக்கிறது. நரம்பு தட்டியதும் மின் அலை ஒன்று நாரின் மேற்பரப்பில் ஓடி, குழாய்கள் வழியாக உள்ளே இறங்குகிறது. அந்தக் குழாய்ச் சுவரில் ஒரு புரதம். அது மின்னழுத்தம் மாறுவதை உணர்ந்து, எதிரே பையிலுள்ள கதவை நேரடியாக அசைத்துத் திறக்கிறது. உள்ளே இருந்த கால்சியம் கொட்டுகிறது. இதில் வியப்பு என்ன தெரியுமா? அந்தப் புரதமும் கால்சியம் வழிதான். உன் மாத்திரையின் குடும்பத்து மருந்துகள் அதிலும் போய் ஒட்டும். அந்த மருந்துக் குடும்பத்தின் பெயரிலேயே அதை அழைக்கிறார்கள். ஆனால் கை அசைய அதன் வழியே கால்சியம் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. கதவைத் திறக்கும் பிடியாக அது நின்றால் போதும். 1972-இல் ஆர்ம்ஸ்ட்ராங், பெசனில்லா, ஹோரோவிட்ஸ் மூவரும் தவளைத் தசைநாரைச் சுற்றியிருந்த கரைசலில் கால்சியத்தை ஏறக்குறைய முழுக்க நீக்கிவிட்டுத் தூண்டினார்கள். நார் பல நிமிடங்கள் துடித்துக்கொண்டே இருந்தது.

இதயத் தசை அப்படியில்லை. சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் லண்டனில் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துப் பார்த்தார், நன்றாகத் துடித்தது. பிறகுதான் அந்தக் கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் தயாரிக்காமல் குழாய்த் தண்ணீரில் கலந்திருந்தது தெரியவந்தது. சுத்தமான நீரில் கலந்தபோது இதயம் நின்றுவிட்டது. துளி கால்சியம் சேர்த்ததும் மறுபடி துடித்தது. 1883-இல் தன் முந்தைய முடிவைத் தானே திருத்தி எழுதினார். நான் சொட்டுச் சொட்டாக விட்ட கரைசல் அவர் பெயரில்தான் இருந்தது.

ரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள மென்தசையும் வெளிக் கால்சியத்தை மிகவும் நம்பியிருக்கிறது. மென்தசைச் செல் கதிர் வடிவம், ஒரே உட்கரு, சில மைக்ரோமீட்டர் தடிமன். வரி கிடையாது, ஆக்டினும் மையோசினும் குறுக்கும் நெடுக்குமாகப் போய், அடர்புள்ளிகள் என்ற முடிச்சுகளில் கட்டியிருக்கும். அதனால் சுருங்கும்போது செல் முழுதும் பிழிந்த துணி மாதிரி முறுகுகிறது. ட்ரோபோனின் இல்லை. கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு நொதியைத் தூண்டுகிறது, அந்த நொதி மையோசின் தலையிலேயே ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது, அப்புறம்தான் இழுப்பு. எலும்புத் தசையில் பூட்டு ஆக்டின் மேல், இங்கே பூட்டு மையோசின் மேல். இத்தனை படி ஏறி இறங்குவதால் மென்தசை மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் பிடித்துவிட்டால் அதே இழுப்பை எலும்புத் தசை செலவழிப்பதில் பத்தில் ஒரு பங்கு ஆற்றலோ அதைவிடக் குறைவாகவோ கொண்டு மணிக்கணக்கில் தாங்கும். ராத்திரி பகல் பாராமல் ரத்தக் குழாயை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டியவனுக்கு இப்படிப்பட்ட சிக்கனம் வேண்டாமா?

செல்லுக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைப் போல் சுமார் பத்தாயிரம் மடங்கு. வழி கொஞ்சம் திறந்தாலே உள்ளே பாயும். உன் மாத்திரை அந்த வழியைச் சற்று அடைக்கிறது. தசை தளர்கிறது, சிறு தமனி விரிகிறது. ஆரம் பத்து சதவீதம் கூடினால் போதும்; ரத்த ஓட்டத்துக்கான தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிராக மாறுவதால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கண்ணுக்கே தெரியாத ஒரு தளர்வு, அதற்குள் இவ்வளவு பலன்.

மாலையில் கணுக்கால் வீங்குகிறது என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய். அதை வரியோடு விட்டுவிடாதே. தமனிப் பக்கம் விரியும் அளவுக்குச் சிரைப் பக்கம் விரிவதில்லை, அதனால் தந்துகிகளில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது. இந்த மருந்தில் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் டாக்டரிடம் சொல், அளவை மாற்றலாம், வேறு மருந்து சேர்க்கலாம். நீயாக மட்டும் நிறுத்திவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

என் தொடைக்கு இப்போது தினமும் காலை மாலை பயிற்சி. கட்டுக்குள் கிடந்தபோது நார்கள் மெலிந்திருக்கின்றன, புரதம் கரைந்திருக்கிறது. வேலை கொடுத்தால் திரும்பக் கட்டிக்கொள்ளும். நேற்று முழங்காலை முழுசாக நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடித்தேன். நடுக்கம் இருந்தது, ஆனால் விழவில்லை.

அடுத்த கடிதத்தில் பிரஷர் அளவை எழுது. வீக்கம் எந்தக் காலில், எத்தனை மணிக்கு மேல் என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் லேப் கூட்டாளி