உள்ளே, வெளியே: ஃபுளோர்பாலுக்கு ஒரு முடிவு சொல்லுங்கள்

தென்கிழக்காசிய விளையாட்டுச் சம்மேளன மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் அண்ணன் மகள் உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக ஃபுளோர்பால் எடுத்தாள். உள்ளரங்கில் ஆடும், ஹாக்கி போன்ற ஆட்டம் அது. முதல் நாள் மட்டையோடு வீட்டுக்கு வந்தபோது என் அம்மா, "என்னடி இது, ஒட்டடைக் கம்பா?" என்று கேட்டார். 23 கிராம் எடையில், 26 ஓட்டைகளோடு இருக்கும் பந்தைப் பற்றி இன்று அவரே அக்கம்பக்கத்தாருக்குப் பாடம் எடுக்கிறார். கோல்கீப்பர் பிள்ளைக்கு மட்டும் ஏன் மட்டை கொடுக்கவில்லை என்ற வருத்தம்தான் அவருக்கு இன்னும் தீரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், 2013இல் மியன்மாரில் இதைக் காட்சி விளையாட்டாக வைத்தீர்கள். 2015இல் சிங்கப்பூரில் பதக்கம் உண்டு. எங்கள் பெண்கள் தங்கம் வாங்கினார்கள். 2017 கோலாலம்பூரில் பதக்கப் பட்டியலில் இல்லை. 2019இல் பிலிப்பீன்சில் திரும்ப வந்தது, தங்கமும் திரும்ப எங்களுக்கே வந்தது. கொரோனாவால் தள்ளிப்போய் 2022இல் நடந்த ஹனோய் போட்டியில் மறுபடி காணோம். 2023 கம்போடியாவில் மறுபடி உண்டு. இதென்ன மங்காத்தாவா, உள்ளே வெளியே என்று ஆட?

காரணம் தெரியாமல் கேட்கவில்லை. தடகளமும் நீர் விளையாட்டுகளும் கட்டாயம். மற்றவற்றில் ஏற்று நடத்தும் நாட்டின் கை ஓங்கியிருக்கும். தனக்குப் பதக்கம் தேறும் விளையாட்டை எந்த நாடும் சேர்க்கத்தான் செய்யும். 2015இல் நாங்களும் அதைத்தானே செய்தோம்!

ஆனால் இந்தப் பெண்களுக்குப் போக வேறு இடம் எது? ஒலிம்பிக்கில் ஃபுளோர்பால் இல்லை. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்கான உலக விளையாட்டுப் போட்டிகளில் ஆண்கள் 2017இலேயே ஆடிவிட்டார்கள். பெண்களுக்கு 2025இல் சீனாவின் செங்டுவில்தான் கதவு திறந்தது. பெண்கள் ஃபுளோர்பால் உலக வெற்றியாளர் போட்டி 2005, 2023 என்று இரண்டு முறை எங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. 2023இல் சுவீடன் பெண்கள் பந்து கடத்தியதைப் பார்த்தபோது எனக்குக் கண் கொட்டவில்லை. அங்கே பதக்கம் என்றால் சுவீடன், பின்லாந்து, சுவிட்சர்லாந்து, செக் குடியரசு, முன்பு நார்வே. நம் வட்டாரப் பெண்கள் பதக்கத்தைக் குறிவைத்து இறங்கக்கூடிய பெரிய மேடை உங்களுடையதுதான்.

படிப்பு, வேலை எல்லாம் முடிந்து மாலையில் பயிற்சிக்குப் போகும் பெண்கள் இவர்கள். பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் விடுப்பு எடுக்கலாமா, வேலையில் சேருவதைத் தள்ளிப்போடலாமா என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். எந்தெந்த விளையாட்டு உண்டு என்ற உங்கள் பட்டியலோ வெகு தாமதமாக வருகிறது. 19 வயதில் உச்சத்தில் இருப்பவளிடம், "அடுத்த முறை பார்க்கலாம்" என்றால் 21 வயதில் அவள் எங்கே இருப்பாளோ?

நிரந்தர இடம் கொடுத்தால் மகிழ்ச்சி. முடியாது என்றால், அடுத்து வரும் இரண்டு போட்டிகளில் பெண்கள் ஃபுளோர்பால் உண்டா இல்லையா என்பதையாவது இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். அண்ணன் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
ஓர் ஆட்டக்காரியின் அத்தை