ஒரு சாண் இடைவெளி

திருகோணமலை,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகனுக்கு,

நீ வாங்கின போட் ட்ரெயிலரில் நிற்கிற மாதிரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை அம்மா ஊரெல்லாம் காட்டிவிட்டாள். பக்கத்து வீட்டு மாமி, "மகன் அவுஸ்திரேலியாவில கப்பல் வாங்கிட்டாராமே" என்று என்னிடமே வந்து கேட்கிறா. எல்லோரும் போட்டின் அழகைப் பார்த்தார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். போட்டின் மூக்குக்கும் ட்ரெயிலரின் முன்தூணில் இருக்கிற ரப்பர் உருளைக்கும் நடுவில் ஒரு சாண் வெளி தெரிகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "ஓமப்பா, ஓமப்பா" என்று வைத்துவிடுவாய்.

மூக்கு உருளையில் முட்டவில்லை என்றால் போட் பின்னுக்கு நிற்கிறது என்று அர்த்தம். போட்டின் பாரம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார். எஞ்சின், பெட்ரோல் டாங்கி, பற்றரி, எல்லாம் பின்பக்கம். ஒரு சாண் பின்னுக்குப் போனால் அத்தனையும் சில்லுகளின் அச்சைத் தாண்டி இன்னும் பின்னுக்குத் தொங்கும். ட்ரெயிலரின் முன்பக்கம் இலேசாகி, அதை இழுக்கிற உன்னுடைய கெப் வண்டியின் பின்பக்கத்தை மேலே தூக்கப் பார்க்கும். மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. டார்வின் ரோட்டில் மூன்று பெட்டி பூட்டின லொறிகள் ஓடும் என்று சொன்னாயே, அப்படி ஒன்று பக்கத்தால் கடந்தால் அந்தக் காற்றுக்கே ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கிவிடும். நாய் வாலாட்டினால் நாய்க்குச் சந்தோஷம். இது ஆட்டினால் கெப்பையும் சேர்த்துச் சுழற்றும். அப்படி ஆடத் தொடங்கினால் பதறி பிரேக்கை மிதியாதே. ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டு அக்ஸிலேட்டரில் இருந்து காலை எடு, வேகம் தானாகக் குறையட்டும்.

போட்டும் ட்ரெயிலரும் சேர்த்து 1200 கிலோ என்றாய். அதில் பத்தில் ஒரு பங்கு, 120 கிலோ அளவில், கெப்பின் பின்னால் ட்ரெயிலரைக் கொழுவுகிற இரும்புக் குண்டின் மேல் இருக்க வேண்டும். அளப்பது சுகம். சமதரையில் சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டு, குளியலறைத் தராசின் மேல் ஒரு மரத்துண்டை நிறுத்தி, ட்ரெயிலரின் மூக்கை அதில் இறக்கு. கெப்பில் கொழுவும்போது எந்த உயரத்தில் நிற்குமோ அதே உயரம் வேண்டும். 150 கிலோ காட்டுகிற தராசாகப் பார்த்து வாங்கு. பெட்ரோல், ஐஸ் பெட்டி, நங்கூரம் எல்லாம் ஏற்றின பிறகு நிறு. வெறும் போட்டை நிறுத்துப் பிரயோசனம் இல்லை. குறைவாகக் காட்டினால் முதலில் முன்தூணில் கயிறு சுற்றுகிற வின்ச்சை இழுத்து மூக்கை முட்ட வை. அதற்கும் காணாவிட்டால் முன்தூணை நட்டுக் கழற்றி இன்னும் முன்னுக்குத் தள்ளலாம்.

கொழுவும்போது ஒரு சின்ன விஷயம். குண்டு 50 மில்லிமீட்டர் என்றால், அதைக் கவ்வுகிற ட்ரெயிலரின் கப்ளிங்கிலும் 50 என்று அடித்திருக்க வேண்டும். பூட்டின பிறகு முன் சின்னச் சில்லின் பிடியைச் சுற்றிக் கொஞ்சம் உயர்த்து. கெப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு விழுந்திருக்கிறது. எழும்பாமல் ட்ரெயிலர் மட்டும் எழும்பினால், அது குண்டின் மேல் சும்மா குந்தியிருந்தது, அவ்வளவுதான். சங்கிலி, லைட் எல்லாம் நீ பார்ப்பாய் என்று தெரியும், அதை நான் எழுதவில்லை.

சில்லு சுழல்கிற பெயரிங்கைப் பற்றி எழுதாமல் விட முடியாது. நீ ஏ.எல். சோதனை எழுதின வருடம் ஞாபகம் இருக்கிறதா? வாடை தொடங்குகிற நேரம், நிலாவெளியில் இருந்து நம்முடைய போட்டை உட்துறைமுகப் பக்கம் கொண்டுவர ஒருவரிடம் ட்ரெயிலர் இரவல் வாங்கினோம். சாம்பல்தீவுப் பாலம் தாண்டினதும் கோப்பி அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் றேடியோ என்று நினைத்தேன். நீதான், "அப்பா, அங்க ஒரு சில்லு தனியப் போகுது" என்றாய். பார்த்தால் நம்முடைய சில்லு நம்மை முந்திக்கொண்டு போய் ஒரு வளவுக்குள் நுழைந்து ஆடுகளைக் கலைத்துவிட்டது! அன்றைக்கு நீ சிரித்த சிரிப்புக்கு நான் கை ஓங்கினது எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. போட் தப்பினது கோணேசர் புண்ணியம்.

பிறகு மற்றச் சில்லைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த கிறீஸ் பால்தேத்தண்ணி நிறம். உப்புத்தண்ணி புகுந்து கலந்துவிட்டது. அது எப்படிப் புகுகிறது தெரியுமா? தூரம் ஓடி வந்ததும் பெயரிங் கூடு சூடாக இருக்கும். சூட்டோடு தண்ணிக்குள் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், சுருங்கும்போது கூட்டை அடைக்கிற ரப்பர் வளையத்தைத் தாண்டித் தண்ணியை உறிஞ்சும். ஆகவே கரைக்குப் போனதும் நேரே இறக்காதே. கால் மணித்தியாலம் நிறுத்தி வை. அந்த நேரத்தில் பின் பட்டிகளைக் கழற்று, லைட் வயரைப் பிடுங்கு, போட்டின் அடியில் தண்ணி வடிகிற ஓட்டையின் தக்கையை முறுக்கு. தக்கை போடாமல் கடலில் இறக்கினவர்கள் நம்முடைய ஊரிலும் இருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன், ஒருவர் உனக்கு மாமா முறை. முன்பக்க வின்ச் கயிற்றை மட்டும் போட் தண்ணியில் மிதக்கிற வரைக்கும் கழற்றாதே.

வழியில் இருபது கிலோமீட்டர் ஓடினதும் ஒருதரம் நிறுத்து. புறங்கையை இரண்டு பக்க பெயரிங் கூட்டுக்கும் கிட்டக் கொண்டுபோய்ப் பார். இளஞ்சூடு பரவாயில்லை. ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடக் கொதித்தால் அன்றைக்கு மீன்பிடி இல்லை, திரும்பி வீட்டுக்கு வா.

இன்னொன்று, உங்கள் கடல் நம்முடைய கடல் இல்லை. இங்கே வற்றுப் பெருக்கு முழங்கால் அளவு. டார்வினில் எட்டு மீட்டர் வரை ஏறி இறங்குமாம். காலையில் பெருக்கில் இறக்கிவிட்டுப் பின்னேரம் வற்றில் வந்தால் இறங்குதளத்தின் நுனி வெளியே கிடக்கும், பாசி வழுக்கும், சில்லு நுனியைத் தாண்டி விழுந்தால் ஏற்றவே முடியாது. நேரம் பார்த்துத் திரும்பு. தண்ணிக்குள் இறங்கி நின்று போட்டைப் பிடிக்கிற பழக்கத்தையும் விடு. மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற இடத்தில் முதலை நிற்கும் என்று சொல்லிச் சின்ன வயதில் உன்னைப் பயமுறுத்தினேன். டார்வினில் அது வெறும் பயமுறுத்தல் இல்லை.

ரிவேர்ஸ் எடுப்பதற்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கையை ஸ்டியரிங்கின் அடியில் வை. ட்ரெயிலர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை அசை. ஒரு வெறும் வளவில் மருமகள் பார்க்காத நேரமாகப் பழகு.

இங்கே திருக்கடலூரில் போட்டுகளை மேலே இழுத்துக்கொண்டிருக்கிறார்கள், வாடைக்கு இன்னும் இரண்டு கிழமைதான். நான் சுகம். அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி.

மூக்கை முட்ட வைத்துவிட்டு எனக்குப் படம் அனுப்பு. பக்கவாட்டில் நின்று, கெப்பும் ட்ரெயிலரும் முழுசாகத் தெரிகிற மாதிரி எடு. நீ அதில் நிற்க வேண்டாம், மறைக்கும். உன்னுடைய படத்தை அம்மாவுக்குத் தனியாக அனுப்பு.

அன்புடன்,
அப்பா