நூலக அறிவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். கல்லூரி நூலகம் ஒன்றில் நூலகராக இருக்கிறேன். உங்கள் மாணவர்கள் எங்களிடம்தான் பயிற்சிக்கு வருகிறார்கள். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூயி எண்ணைக் கேட்டால் சட்டென்று சொல்கிறார்கள். ஆனால் ஒரு மாணவி வந்து, "அக்கா, இந்தப் புத்தகத்தை முழுசா ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது என்று தெரிகிறது. அதன் 52ஆம் பிரிவு எதையெல்லாம் அனுமதிக்கிறது என்று தெரியவில்லை.

அந்த ஒரு பிரிவை வரிவரியாகப் படிக்க வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். சொந்த ஆய்வுக்கு நியாயமான அளவில் நகலெடுக்கலாம். இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலை, லாப நோக்கமில்லாத பொது நூலகம் தன் பயன்பாட்டுக்கு மூன்று படிகள் வரை எடுக்கலாம். பார்வையற்றவர் படிக்கும் வடிவத்துக்கு நூலை மாற்றித் தர 2012 திருத்தம் வழிவிட்டது. தில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் போட்ட வழக்கில், கற்பித்தலுக்குத் தேவையான நகல் உரிமை மீறல் ஆகாது என்று 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை வகுப்பில் வைத்து ஒரு வாரம் விவாதிக்கலாம்.

நம் ஊர்ச் சிக்கலும் இருக்கிறது. அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளரின் நூலை யாரும் அச்சிடலாம். சரி, அதற்கு வேறொருவர் எழுதிய முன்னுரை? ஆங்கில மொழிபெயர்ப்பு? அவற்றின் உரிமை தனி. பழைய பதிப்பை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றப்போகும் நூலகருக்கு இது தெரிந்தே ஆகவேண்டும். நூலகவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளை எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். அவர் 1972இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு என்ற கணக்குப்படி அவர் நூல்களுக்கான உரிமை 2032 முடியும்வரை நீள்கிறது. இந்தக் கணக்கைத் தேர்வில் கேளுங்கள்.

அப்புறம், தகவலைச் சோதிக்கும் பயிற்சி. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைத் தொகுத்த தன் கேர் பட்டியலைக் கைவிடுவதாகப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025இல் அறிவித்தது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் ஆய்விதழை அடையாளம் காண ஆய்வு மாணவர்கள் இனி நூலகரைத்தான் தேடி வருவார்கள். ஆசிரியர் குழுவில் பெயர் இருப்பவர் உண்மையிலேயே அங்கே இருக்கிறாரா, கட்டுரையை யார் மதிப்பிட்டார்கள், எத்தனை நாளில் ஏற்றார்கள் என்று தோண்டிப் பார்க்கும் பழக்கம் குறிப்பேட்டைப் படித்து வராது. கணினி முன் உட்கார்ந்து செய்துதான் வரும்.

அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் இவ்விரண்டையும் செய்முறைத் தாளாக வையுங்கள். எங்கள் மேசைக்கு வரும் உண்மையான கேள்விகளைத் தொகுத்துத் தர நான் தயார். கேட்டால் மற்ற நூலகர்களும் தருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்லூரி நூலகர்