ஹேக் நகரத்துப் பையன்கள்

டென் ஹாக் (ஹேக்), நெதர்லாந்து
12 அக்டோபர் 2025

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மா இப்போது பிடிமானம் இல்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சுகம். மழையும் காற்றும் சேர்ந்து அடிப்பதால் குடை பிடித்துப் பிரயோஜனமில்லை. சின்னவள் பேசும் டச்சுக்கு என்னாலும் வசந்தியாலும் ஈடுகொடுக்க முடியவில்லை.

உன் மகன் கல்லூரியில் பேண்ட் தொடங்கியிருக்கிறான், அதற்குள் யூடியூபில் பேர் வரவில்லையென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று எழுதியிருந்தாய். மெல்லிசைக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க் கல்யாணக் கச்சேரியில் கிட்டார் வாசித்த அப்பனுக்கு இப்படியொரு பிள்ளை! சிரித்துவிட்டேன்டா.

இந்த ஊரிலும் ஒரு பேண்ட் உண்டு, கோல்டன் இயரிங் என்று. போன ஜூலையில் அதன் கிட்டார்காரர் ஜார்ஜ் கோய்மன்ஸ் 77 வயதில் இறந்துபோனார். அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் ஐம்பதைத் தாண்டியவர்கள் யாரும் வேலையே பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் நானும் பழைய பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தேன். சாயங்கால நேரமெல்லாம் அதிலேயே போகிறது.

1961-இல் ஆரம்பித்த குழு அது. கோய்மன்ஸுக்கு அப்போது 13 வயது, பக்கத்து வீட்டு ரினஸ் கெரிட்சனுக்கு 15. டொர்னாடோஸ் என்று பேர் வைத்துக்கொண்டார்கள். அதே பேரில் இன்னொரு குழு இருப்பது தெரிந்ததும், தாங்கள் மேடையில் வாசித்துவந்த ஒரு மெட்டின் பேரையே தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள்.

ஹேக் என்றால் அரசாங்கம், அமைச்சகங்கள், தூதரகங்கள், கோட்டு போட்ட குமாஸ்தாக்கள். ராக் இசைக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? இங்கே யாரைக் கேட்டாலும் 'எங்கள் பையன்களுக்குத் திறமை' என்கிறார்கள். திறமை எல்லா ஊரிலும்தான் இருக்கிறது. எனக்கு இரண்டு காரணம் தெரிகிறது.

முதலாவது இந்தோனேசியா. 1949-இல் அது டச்சுக்காரர்கள் கையைவிட்டுப் போனதும், கலப்புக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்தன. பல ஹேக்கிலேயே தங்கிவிட்டன. அந்த வீட்டுப் பிள்ளைகள் கிட்டாரும் கையுமாக வந்தவர்கள். டீல்மன் பிரதர்ஸ் என்ற சகோதரர்கள் 1957-இல் வந்து இறங்கி, அடுத்த ஆண்டே பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் வாசித்தார்கள். கிட்டாரைப் பல்லால் வாசிப்பதும், தலைக்குப் பின்னால் வைத்து வாசிப்பதும் எல்லாம் அமெரிக்கக் கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு முன்பே அவர்கள் செய்த வித்தை. கறுப்பு வெள்ளைப் படமாக இன்றும் பார்க்கலாம். கோல்டன் இயரிங் பையன்கள் வளர்ந்த ஊரில் அந்தக் குழுக்களைப் பார்த்தே கை பழகியவர்கள் ஏராளம். ஆனால் டச்சு ராக்கின் பெருமையைப் பேசும்போது அந்தப் பழுப்பு முகங்கள் பாதி நேரம் பேச்சிலேயே வருவதில்லை. அது எனக்கு உறுத்துகிறது.

இரண்டாவது, ஒரு கப்பல். இங்குள்ள வானொலி அப்போது கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், சோஷலிஸ்ட் என்று ஆளுக்கொரு பங்காகப் பிரிந்து கிடந்தது. இளைஞர்களின் பாட்டுக்கு அதில் கிடைத்த இடம் கொஞ்சம். 1960-இல் கடலில் நங்கூரம் போட்ட ஒரு கப்பலிலிருந்து ரேடியோ வெரோனிகா ஒலிபரப்பத் தொடங்கியது, உரிமமெல்லாம் கிடையாது. நம் அப்பாக்கள் அகில இந்திய வானொலியை விட்டுவிட்டு இலங்கை வானொலியைத் தேடிப் போனார்களே, அந்தக் கதைதான். 1965 தொடக்கத்தில் 'டாப் 40' பட்டியலை ஆரம்பித்ததும் வெரோனிகாதான். அதே ஆண்டு பையன்களின் முதல் இசைத்தட்டு 'ப்ளீஸ் கோ' வந்து முதல் பத்துக்குள் ஏறிவிட்டது.

உள்ளூர் ஸ்டுடியோவின் ஒலி அவர்களுக்குத் திருப்தியாக இல்லை. லண்டனுக்குப் போய் 'தட் டே' பாட்டைப் பதிவுசெய்தார்கள். 1966-இல் அது இரண்டாமிடம் வரை போய் நின்றது. மேலே பீட்டில்ஸின் 'மிஷல்' உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே நிற்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, சொல்.

இப்போது உனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். 1967-இல் சேர்ந்த பாடகர் பேரி ஹே பிறந்த ஊர் எது தெரியுமா? நம்ம உத்தரப்பிரதேசத்து ஃபைசாபாத்! அப்பா ஸ்காட்லாந்து ராணுவ அதிகாரி, அம்மா டச்சுக்காரி. சிறுவனாகத்தான் நெதர்லாந்துக்கு வந்தார். புல்லாங்குழலும் வாசிப்பார். அவரும் கோய்மன்ஸும் சேர்ந்து எழுதத் தொடங்கியபிறகுதான் பாட்டுகளுக்கு உடம்பு வந்தது. 1968-இல் முதலிடம் பிடித்த 'டாங் டாங் டிக்கி டிகி டாங்' மட்டும் எனக்குச் சகிக்கவில்லை. பேரைப் பார்த்தாலே தெரியும், குழந்தைப் பாட்டு.

அடுத்து அமெரிக்காவைச் சுற்றிவந்தார்கள். 1970-இல் சீசர் சௌடர்வைக் டிரம்ஸுக்கு வந்தார். மேடையில் டிரம்ஸ் செட்டையே தாண்டிக் குதிக்கிற மனுஷன். ஒலி கனத்தது. பிரிட்டனின் பிரபல ராக் குழு தி ஹூவோடு ஐரோப்பா முழுக்க வாசித்தார்கள். 1973-இல் 'மூன்டான்' ஆல்பம், அதில் 'ரேடார் லவ்'. ராத்திரியில் காரோட்டிப் போகிறவன், எங்கோ இருக்கும் காதலி போன் இல்லாமலே கூப்பிடுகிறாள், அவ்வளவுதான் சங்கதி. அதை ஓட்டிச் செல்வது கெரிட்சனின் பேஸ் கிட்டார். நடுவில் பித்தளை வாத்தியங்கள் பாயும் இடத்தில் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. இங்கே முதலிடம், பிரிட்டனில் 7, அமெரிக்காவில் 13. அந்தப் பாட்டு ஓடிய சமயத்து அமெரிக்கச் சுற்றில் இவர்களுக்கு முன்னால் மேடையேறிய புதுக் குழுக்களில், பின்னால் பெரிய பேர் எடுத்த ஏரோஸ்மித்தும் கிஸ்ஸும் உண்டு!

பக்கத்து வீட்டுப் பையன்கள் தொடங்கியதிலிருந்து கணக்குப் பார்த்தால் இதற்குப் பன்னிரண்டு வருஷம். அமெரிக்கா அடுத்ததாக இவர்களைத் திரும்பிப் பார்த்தது 1982-இல், 'ட்வைலைட் ஸோன்' பாட்டுக்கு. இடையில் என்ன செய்தார்கள் என்றால், இந்தக் குட்டி நாட்டின் அரங்குகளில் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். அதே நாலு பேர், 2019 வரைக்கும். 2021-இல் கோய்மன்ஸுக்கு ஏ.எல்.எஸ். (தசைகளை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய்) என்று தெரிந்தபோது, அவர் இல்லாமல் வேண்டாம் என்று பேண்டையே முடித்துக்கொண்டார்கள். இன்னொரு கிட்டார்காரரைச் சேர்த்துக்கொண்டு இன்னும் நாலு காசு பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எனக்கு அந்த முடிவு அவர்களின் எந்தப் பாட்டையும்விடப் பிடித்திருக்கிறது.

உன் மகனிடம் இதையெல்லாம் உபதேசமாகச் சொல்லிவிடாதே, காதைப் பொத்திக்கொள்வான். 'ரேடார் லவ்' பாட்டின் முழு வடிவத்தை, ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடுவதை, அவன் குழுவில் பேஸ் வாசிக்கிற பையனோடு சேர்ந்து கேட்கச் சொல். அவர்கள் வாசித்த பதிவு ஏதாவது இருந்தால் எனக்கு அனுப்பு. சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

ஜனவரியில் வருவதாக இருக்கிறேன், டிக்கெட் இன்னும் போடவில்லை. திருவானைக்காவல் வீட்டுப் பட்டா விஷயம் என்ன ஆயிற்று என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லையே? அதை உடனே எழுது.

அன்புடன்,
ரவி